கண்ணிவெடி வரைபடம் கிராமத்துக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் கண்ணிவெடி அகற்றல் பற்றிய தங்கள் செய்தியை வாசித்தேன். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017இல் இணைந்த இலங்கைக்கு, அவற்றை அகற்றி முடிக்க 2028 ஜூன் 1 வரை காலக்கெடு உண்டு. அதுவரை நாங்கள் காணியைக் கொத்தாமல் இருக்க முடியுமா? சென்ற மாசியில் வேலிக்குக் கதியால் நட அலவாங்கு போட்டபோது, சப்பாத்துப் பொலிஷ் பேணி அளவில் பச்சை மூடி ஒன்று தெரிந்தது. அதிகாரிகளுக்கு அறிவித்தால், எழுத்தில் தரச் சொன்னார்கள். (வெடிக்குக் கடிதம் வாசிக்கத் தெரியுமோ என்னவோ.) சுற்றிவரப் பனையோலை குத்தி, மாடு போகாமல் இரண்டு நாள் நானே காவல் இருந்தேன்.

வெடி அகற்றிய, அகற்றாத நிலங்களைக் காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு கிராம சேவகர் அலுவலகத்திலும் தமிழில் ஒட்டி, இரவிலும் பதில் கிடைக்கும் தொலைபேசி இலக்கமொன்றை அதன் கீழ் எழுதிவைக்க அரசு உத்தரவிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி