மாரியில் மட்டக்களப்பைப் பூட்டிவைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் கிழக்குக்குச் சுற்றுலா வர உகந்த காலம் சித்திரை முதல் புரட்டாதி வரை என்று உங்கள் ஞாயிறு இதழின் பயணப் பக்கம் மறுபடியும் எழுதியிருக்கிறது. பாசிக்குடாவில் குளிக்கவும் அறுகம்குடாவில் அலைச்சறுக்கவும் வருகிறவர்களுக்கு அது பொருந்தும். கடலை விட்டால் எங்களிடம் காட்ட வேறொன்றும் இல்லை என்று நினைக்கிறவர்தான் அதை எல்லோருக்குமான அறிவுரையாக எழுத முடியும். கச்சான் காற்று அனலை அள்ளி வீச, மானாவாரி வயல்வெளிகளான வட்டைகள் வெடித்துக் கிடக்கும் மாதங்களில் வந்துவிட்டு, "மட்டக்களப்பு வெயில் ஊர்" என்று சொல்லிப் போகிறார்கள். எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லும் மீனைக் கேட்க வேண்டுமானால் அந்த மாதங்களில்தான் வரவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நீர் அடங்கிக் கிடக்கும் நிலா இரவுகளில்தான் அது கேட்கும் என்பார்கள். மண்ணைப் பார்க்க விரும்புகிறவர் மார்கழியிலோ தையிலோ, மழை விட்ட ஒரு பிற்பகலில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வரட்டும்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கடற்பக்கம் எழுவான்கரை. பிரதான வீதியும் நெருக்கமான ஊர்களும் பஸ்களின் ஹோர்ன் சத்தமும் அங்கேதான். மேற்குப் பக்கம் படுவான்கரை. வயலும் குளமும் காட்டோரமும் அங்கே. வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று பாலங்கள் இரண்டு கரைகளையும் இணைக்கின்றன. மட்டக்களப்பு நகரிலிருந்து வருகிற பலரும் மண்முனைப் பாலத்தால் நுழைந்து, கொக்கட்டிச்சோலையில் கும்பிட்டுவிட்டு, அதே வழியில் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவுவது போலப் படுகிறது.

நான் தலைகீழாகப் போவேன். பிரதான வீதியில் களுவாஞ்சிக்குடி வரை போய், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, பழுகாமம், அம்பிளாந்துறைப் பக்கமாக வடக்கே ஏறிக் கொக்கட்டிச்சோலைக்கு வந்து, மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிக்குத் திரும்புவேன். காரணம் சூரியன். மார்கழியில் அது தென்மேற்கே சாய்ந்து நிற்கும். தெற்கு நோக்கி ஓட்டினால் மூன்றரை மணிக்குப் பிறகு வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கும். வடக்கு நோக்கி வந்தால் அது இடது தோளுக்குப் பின்னால் இருக்கும். இடப்பக்க வட்டைகளில் தாள்களை ஊடுருவி வருகிற ஒளியில் பயிரின் பச்சை இரண்டு மடங்காகத் தெரியும். வலப்பக்கம் வாவி எட்டிப் பார்க்கும் இடங்களிலெல்லாம் கொக்கும் நாரையும் வெளுத்தெடுத்த வெள்ளையில் நிற்கும்.

ஐப்பசியில் விதைத்த பெரும்போகப் பயிர் மார்கழியில் முழங்கால் உயரத்துக்கு வந்து, தையில் கதிர் உள்ளே பருத்துக் குடலை தள்ளுகிறது. ஒரே பச்சை என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். வாகனத்தை மெதுவாக்கினால் முந்தி விதைத்த வயலும் பிந்தி விதைத்த வயலும் வேறு வேறு நிறம் காட்டும். மழை நீர் தேங்கி அழுகிய இடம் மஞ்சளாகத் தெரியும். வரம்பில் ஒருவர் மண்வெட்டியோடு குனிந்து, நீர் போகும் வரம்பு வாயான வக்கடையைத் திறந்துவிட்டுக்கொண்டிருப்பார். வயல் நடுவே பரண்கள். இரவில் காவலுக்கு ஏறுகிறவர்கள் யானையை விரட்டும் யானை வெடியோடுதான் ஏறுகிறார்கள். மாடுகளை மட்டும் இந்த மாதங்களில் அதிகம் காணமுடியாது. பயிர் நிற்கும்போது பட்டிகளை மயிலத்தமடு, மாதவணை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தரைகளைப் பற்றிய வழக்கும் போராட்டமும் உங்கள் பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு வந்தவைதான்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலையும் அங்கே புல்லுத் தின்ற கல் நந்தியின் கதையையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். கோயில் வாசலில் ஒரு தேநீர் குடிக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணியோடு இருட்டிவிடும். யானை நடமாட்டம் உள்ள வெல்லாவெளிப் பக்கத்து உள்வீதிகளில் இருட்டிய பிறகு சுற்றித் திரிவது வீரமல்ல, விசர்த்தனம்.

இந்த அழைப்போடு ஒரு தயக்கமும் எனக்கு உண்டு. நமக்குக் காட்சியாக இருப்பது படுவான்கரையில் வாழ்கிறவர்களுக்கு நெல்லும் பாலும் நோயாளியும் போகிற வழி. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, அக்கரைக்குப் போக அவர்கள் துறையில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப்போகும் மிதவையான படகுப் பாதைக்குக் காத்து நின்றார்கள். இப்போது வீதி நடுவே காரை நிறுத்திப் படம் பிடிக்கிறவர்களுக்காகவும் உழவு இயந்திரம் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. புகைப்படத்துக்காக ஈர வரம்பில் ஏறி மிதித்தால் வரம்பு இடியும். அதைத் திருப்பிக் கட்டுவது வயற்காரர். சோற்றுப் பொதி சுற்றிவந்த தாளும் வெற்றுப் போத்தலும் வாய்க்காலில் விழுந்தால் போய் அடைப்பது வக்கடையைத்தான். சுற்றுலாப் பயணிகள் என்று வெளிநாட்டுக்காரரை நினைத்து இதை எழுதவில்லை. விடுமுறை நாளில் நகரத்திலிருந்து போகிற நம்மவர்களைத்தான் சொல்கிறேன்.

வீதிக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பூச்சட்டி வைத்த வரவேற்பு வளைவு யாருக்கும் வேண்டாம். தாழ்ந்த இடங்களிலும், வெள்ளம் மேலால் பாயும் தாழ்வீதிகளான தாம்போதிகளிலும் நீர்மட்டத்தைக் காட்டும் அடையாளக் கம்பங்களை நட்டு, வீதியின் ஓரம் எதுவென்று வெள்ளத்திலும் தெரியும்படி செய்யுங்கள். மாரியில் முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டி, வாவி நீர் கடலுக்குப் போக ஆற்றுவாய் திறந்துவிட்ட பிறகும் வாவி உடனே இறங்கிவிடாது. அம்பாறை மாவட்டத்தில் கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையிலான கிட்டங்கித் தாம்போதி மாரி வெள்ளத்தில் மூழ்குவது ஊரறிந்தது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். அது உல்லாசப் பயணமல்ல, வீட்டுக்குத் திரும்புகிற வழி. ஊரவரையே ஏமாற்றுகிற தண்ணீர், அன்று காலையில்தான் வந்து இறங்கிய விருந்தாளியை விடுமா? மழை கொட்டுகிற நாளில் வரவே வேண்டாம். முதல் நாள் பெருமழை என்றால், பாலம் ஏறுமுன் களுவாஞ்சிக்குடியில் ஏதாவது ஒரு கடையில் "அங்கால வீதி எப்படி?" என்று கேளுங்கள். எந்த வானிலை அறிக்கையிலும் கிடைக்காத விவரத்தோடு பதில் வரும்.

உங்களிடம் கேட்பது சிறியது. பயணப் பக்கத்தில் மாரிக்காலப் படுவான்கரைக்கு ஒரு இடம் கொடுங்கள்; வாகனத்தை எங்கே ஒதுக்கி நிறுத்தலாம், எந்த இடங்களில் நீர் ஏறும் என்று அந்த ஊரவர்களிடமே கேட்டு எழுதுங்கள். ஆனால் சித்திரைச் சிறப்பிதழுக்கென்று அதை எடுத்து வைத்துவிடாதீர்கள். தைக் கடைசியிலேயே சில வட்டைகளில் அறுவடை இயந்திரம் இறங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.