பொலன்னறுவையில் இருந்து தொடங்குவோம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆவணியில் பிள்ளைகளோடு வருகிறாய் என்பதை மனிசிக்குச் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். எருமைத் தயிருக்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும் என்று நிற்கிறாள். இங்கே எல்லோரும் நல்ல சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வெளியே இறங்க ஏலாது. மகளுக்கு இடமாற்றம் கிடைத்துக் கிட்ட வந்துவிட்டாள், அது பெரிய ஆறுதல்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் சிகிரியா, கண்டி, காலி என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழேயே, "அந்தப் பழைய கல்லுகளில் நமக்கு என்ன இருக்கிறது, மாமாங்கத்தையும் கொக்கட்டிச்சோலையையும் கும்பிட்டுவிட்டுப் பாசிக்குடாவில் குளித்தால் போதாதா" என்றும் கேட்டிருந்தாய். அந்த வரி எனக்கு மனதில் தைத்துவிட்டது. நீ கேட்டதில் பிழை இல்லை. நாம் வளர்ந்த காலம் அப்படி. மன்னம்பிட்டிப் பாலத்தைத் தாண்டிப் போவதென்றாலே வீட்டில் விளக்கேற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். பாடப் புத்தகத்தில் அரசர்களின் பெயரைப் பாடமாக்கினோம், அவர்கள் கட்டியதைக் கண்ணால் காணவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் நான் பஸ்ஸிலும் ரெயிலிலுமாக ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். நமக்கு அங்கே நிறைய இருக்கிறது மச்சான். அதைச் சொல்லத்தான் இந்த நீளக் கடிதம்.

பொலன்னறுவை நமக்குப் பக்கம். வாழைச்சேனை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி என்று போனால் இரண்டு மணித்தியாலச் சொச்சம்தான். அங்கே வடக்குப் பக்கமாக, மரங்களுக்கு நடுவே இரண்டாம் சிவாலயம் என்று ஒன்று நிற்கிறது. சோழர் 11ஆம் நூற்றாண்டில் கட்டியது, பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். அந்த நகரத்துக்கே அப்போது ஜனநாதமங்கலம் என்றுதான் பெயர். கோயில் பெரிதில்லை. நம்ம ஊர்ப் பிள்ளையார் கோயில் மூலஸ்தானம் அளவுதான் வரும். ஆனால் அடியில் இருந்து விமான உச்சி வரை முழுக்கக் கல். சுற்றியுள்ள செங்கல் கட்டடங்கள் எல்லாம் கூரை இழந்து நிற்கும்போது இது மட்டும் முடியோடு நிற்கிறது. கிட்டப் போய்ச் சுவரைப் பார். கல்லும் கல்லும் சேருகிற இடத்தில் நகம் நுழையாது. அடிவரிசைக் கல்லில் தமிழ் எழுத்து ஓடுகிறது. மழையில் தேய்ந்திருக்கிறது, வெயில் சரிந்து விழுகிற நேரம் பார்த்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வடிவாகத் தெரியும். முதலில் ஒன்றும் விளங்காது. கொஞ்ச நேரம் நின்றால் ஒரு ‘ன’, ஒரு ‘ம’ என்று பிடிபடும். மறுகா விட்டு நகர மனம் வராது. வெளியே தலை உடைந்த நந்திகள். உள்ளே லிங்கம் இருக்கிறது, யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் போன நேரம் ஒரு சிங்களக் குடும்பம் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. 1070இல் சோழரைத் துரத்தியவன் முதலாம் விஜயபாகு. அவன் காலத்துத் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு நெடிய கல் நிற்கிறது, அதில் இருப்பது தமிழ்க் கல்வெட்டு. வேளைக்காரப் படையினர் எழுதிவைத்தது. புத்தரின் தந்தத்தை வைத்திருக்கிற அந்த மாளிகையை எங்கள் சந்ததி உள்ள வரைக்கும் காப்போம் என்று தமிழில் சத்தியம் செய்து கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சோழரோடு போரிட்ட அரசன், அவன் போற்றிய புனிதப் பொருள், அதற்குக் காவல் தமிழ் பேசிய படை. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரத்தில் இப்படி ஒரு பக்கம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கிறதா?

அதற்காகத் தமிழைத் தேடி மட்டும் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கேயே உள்ள கல்விகாரை என்ற பௌத்த விகாரைக்கு முன்னால் போய் நில். ஒரே பாறை, அதில் நாலு சிலைகள். பராக்கிரமபாகு காலம், 12ஆம் நூற்றாண்டு. கிடக்கிற சிலை 14 மீற்றருக்கு வரும். தலையணையைக் கவனி. தலை அழுத்துகிற இடத்தில் அந்தக் கல் கொஞ்சம் அமுங்கின மாதிரிச் செதுக்கியிருக்கிறான். கருங்கல் மச்சான், அதை மெத்தென்று காட்டியிருக்கிறான். பாறையின் வரிகள் முகத்துக்குக் குறுக்கே ஓடியும் அந்த முகத்தின் அமைதி குலையவில்லை. அதற்கு முன்னால் நிற்கும்போது யாருடையது என்ற கேள்வியே எனக்கு வரவில்லை.

பொலன்னறுவையில் எடுத்த வெண்கலங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நடராசர், சுந்தரர், மாணிக்கவாசகர் எல்லாரும் அந்த மண்ணில் புதைந்து கிடந்தவர்கள். கொஞ்சம் அங்குள்ள நூதனசாலையிலும் நல்ல பகுதி கொழும்பு நூதனசாலையிலும் இருக்கிறது. கொழும்புக்குப் போனால் இன்னொரு கல்லையும் விட்டுவிடாதே. சீனத்துக் கடற்படைத் தலைவன் செங் ஹே கொண்டுவந்து நட்டது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. உச்சியில் எதிரெதிராக இரண்டு டிராகன். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு, அதாவது தெய்வந்துறையில் இருந்த விஷ்ணுவுக்குப் பொன்னும் வெள்ளியும் பட்டும் கொடுத்ததைச் சொல்கிறது. காலிக் கரைக்கு வருகிறவன் தமிழில் எழுதினால்தான் விளங்கும் என்று சீனத்தில் இருந்தே தமிழில் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். 1911இல் அது காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்து அகப்பட்டது. கவிழ்ந்து கிடந்ததால்தான் எழுத்து இந்த அளவுக்காவது மிஞ்சியது. உன் பிள்ளைகள் காலிக் கோட்டை மதிலில் நின்று படம் எடுக்கட்டும், நல்ல இடம்தான். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு எடுக்கச் சொல்.

நயினாதீவுக்குப் போனால் நாகபூசணி அம்மனைக் கும்பிட்ட கையோடு, கோயிலில் உள்ள பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டையும் கேட்டுப் பார். சிங்கள அரசன் தமிழில் போட்ட துறைமுகச் சட்டம் அது. யானை, குதிரை கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் நாலில் ஒன்று அரச பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வியாபாரச் சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. யானை குதிரையில் எனக்கு விருப்பம், அதனால் இப்படி என்று அரசனே காரணமும் சொல்கிறான்.

திருகோணமலை உனக்குத் தெரிந்த இடம், கோணேசரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கோட்டை வாசலைத் தாண்டும்போது வேனை நிற்பாட்டி இறங்கு. வாசல் தூணில் மீன் சின்னமும், ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்குகிற கல்வெட்டும் இருக்கிறது. போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கல்லைத்தான் கோட்டைக்கு வைத்துக் கட்டினார்கள். அதன் கீழால் தினமும் நூற்றுக்கணக்கான சனம் கோயிலுக்குப் போகிறது, நிமிர்ந்து பார்க்கிறவர் குறைவு. திருகோணமலைக்கு வடமேற்கே காட்டுப் பக்கத்தில் வெல்கம் விகாரை. அதற்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். நம்ம ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். தமிழர் கொடுத்த விளக்கு, பசு என்று தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே நிறைய. தமிழர் பௌத்தராக இருந்த காலத்துக்கு அந்த இடிபாடுதான் சாட்சி.

அநுராதபுரம் ஒரு நாளில் முடியாது. ருவன்வெலி சாய, ஜேதவனராமய என்ற பெரிய தாதுகோபங்களை யாரும் காட்டுவார்கள். அபயகிரிப் பக்கத்தில் ‘தமிழ்க் குடும்பிகரின் மேடை’ ஒன்று இருக்கிறது. பிராமி எழுத்தில், இன்னார் இருக்குமிடம் இது என்று பாறையில் பெயர் பெயராக வெட்டியிருக்கிறார்கள், ஒரு கப்பல் தலைவனுக்கும் இடம் இருக்கிறது. தேடித்தான் போக வேண்டும்.

சிகிரியாவில் பிள்ளைகளுக்கு ஒன்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிவா. கண்ணாடிச் சுவர் என்கிற அந்த மெருகிட்ட பழைய சுவரில் கையே வைக்கக் கூடாது. ஓவியத்துப் பெண்களைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்துச் சனம் எழுதிய கவிதைகள் நூற்றுக்கணக்கில் அதில் இருக்கின்றன, ஆயிரம் வருசத்துக்கும் மேலான எழுத்து. 2015இல் நம்ம மாவட்டத்துப் பிள்ளை ஒன்று சுற்றுலா போன இடத்தில் அந்தச் சுவரில் தன் பெயரைக் கீறி, இரண்டு வருசச் சிறைத் தண்டனை கிடைத்து, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தது. அப்போது எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பேசினார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் மனவருத்தம் உண்டு. இது என்ன சுவர் என்று ஏறுவதற்கு முன்னால் யாராவது அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பஸ்ஸில் பாட்டுப் போட்டுக்கொண்டு போய், சோத்துப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற சுற்றுலாவில் யார் சொல்வது?

அம்பாறைப் பக்கம் உன் மனிசியின் ஊர், அதனால் அதிகம் எழுதவில்லை. திருக்கோவில் சித்திரவேலாயுதரைப் பார்க்கப் போகும்போது இன்னும் தெற்கே இறங்கி லாகுகலை மகுல் விகாரைக்குப் போவோம். அங்கே வாசற்படியில் உள்ள அரைவட்டச் சந்திரவட்டக்கல்லில் யானைகளுக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். வேறெங்கும் நான் அப்படிக் காணவில்லை. உகணைக்கு அங்கால் ராஜகலையும் இருக்கிறது, மலை முழுக்கப் பழைய விகாரைத் தடங்கள். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரின் தாதுவைச் சொல்கிற கல்வெட்டு அங்கேதான். ஏறுவதற்கு என் முழங்கால் விட்டால் பார்ப்போம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நம்ம பக்கத்தில் தொல்லியல் என்ற பேச்சு எடுத்தாலே சனத்துக்கு நெஞ்சு பதறுகிறது. ஒரு கல்லைக் கண்டெடுத்தால் காணி போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, நான் அதைச் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் நாம் கல்லைப் பார்க்காமல் விலகி இருந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மற்றவன் சொல்வதைத்தான் கேட்க வேண்டி வரும். வானவன்மாதேவி ஈச்சரமும் நமக்குத்தான், கல்விகாரையும் நமக்குத்தான். இரண்டையும் நம்ம பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். உன்னிடம் நான் கேட்பதும் இதைத்தான்.

நம்ம மட்டக்களப்புக் கோட்டையையே எடுத்துக்கொள். கச்சேரி, அதுதான் மாவட்டச் செயலகம், அங்கே இருந்த காலத்தில் பிறப்புப் பத்திரத்துக்கும் காணி விசயத்துக்கும் எத்தனை முறை போய் வந்திருப்போம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் கண்டியரசன் ராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தது. இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதல் கோட்டை இதுதான். 1602இலேயே அவர்களின் கப்பல் முதலில் வந்து நின்றதும் நம்ம மட்டக்களப்புக் கரையில்தான். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. கச்சேரி இப்போது திராய்மடுவுக்குப் போய்விட்டது. பின்னேரத்தில் கொத்தளத்தில் ஏறினால் வாவியும் புளியந்தீவும் நல்ல வடிவு.

அப்புறம், வேலைக்கான விசயங்கள். பிள்ளைகள் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருவதால் இந்த இடங்களுக்கு அவர்களின் நுழைவுக் கட்டணம் டொலரில், நன்றாகவே கூட. நீ இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுவா. தோளும் முழங்காலும் மறைகிற உடுப்பு வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. பொலன்னறுவையில் வட்டதாகே என்ற வட்டமான புத்தர் கோயிலில் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். ஆவணி வெயிலில் அந்தக் கல்லு தோசைக்கல்லாகக் காயும், எல்லாருக்கும் தடித்த சொக்ஸ் கொண்டுவா. போயா என்கிற பௌர்ணமி நாளில் சனம் நெருக்கும், அதைத் தவிர்ப்போம். வெள்ளன நாலு மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறுவதற்குள் சிவாலயத்தையும் கல்விகாரையையும் பார்த்துவிடலாம், மத்தியானம் நூதனசாலைக்குள் இருக்கலாம், பின்னேரம் குளக்கட்டு. புட்டும் சம்பலும் கட்டித் தருவதாக மனிசி சொல்கிறாள். வேனுக்கு நான் ஆள் பிடித்துவிட்டேன். நல்ல பெடியன், மெதுவாக ஓடுவான், மூன்று மொழியும் பேசுவான். அவனுக்கு ஒரு மாதம் முன்கூட்டித் திகதி சொல்ல வேண்டும்.

ஆகவே டிக்கெட் போட்ட உடனே எந்த நாள் வருகிறாய், எத்தனை பேர் என்று எழுது. மூத்தவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியுமா என்பதையும் எழுது. தெரியாவிட்டால் வருவதற்குள் உயிர், மெய் அளவுக்காவது சொல்லிக்கொடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்