34,000 வீரர்களைக் கேட்டார்கள், கிடைத்தது 7,600

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு வாசகர் பகுதியில் ஈப்போ அன்பர் ஒருவர், ஐநா அமைதிப்படையை இறக்கினால் காஸாவில் ஒரே வாரத்தில் சண்டை நின்றுவிடும் என்று எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்கும் உண்டு. நம்பிக்கைதான் இல்லை.

என் மைத்துனர் 1990களில், ஐநா அமைதிப்படையில் சேர்ந்த நம் மலேசியப் படையோடு போஸ்னியா போய் வந்தவர். பாகான் டாலாம் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, ஒருநாள் சொன்னார்: "மச்சான், எங்க வண்டிக்கெல்லாம் வெள்ளைச் சாயம் அடிச்சிருந்தாங்க. சண்டைக்குப் போறவன் வெள்ளை அடிச்சிக்கிட்டா போவான்?" ரோட்டை மறித்தவனிடமே வழி கேட்டு மணிக்கணக்கில் நின்ற கதையையும் சொன்னார்.

அந்த வெள்ளைச் சாயத்தில்தான் விஷயமே இருக்கிறது. இரு தரப்பும் சம்மதித்த இடத்தில் காவல் நிற்கப் போகிற படை அது. 1989இல் நமீபியாவுக்கும் மலேசிய வீரர்கள் போனார்கள். அதை ஆண்டுவந்த தென்னாப்பிரிக்கா வெளியேற ஒப்புக்கொண்டிருந்தது, தேர்தல் நடந்தது, 1990 மார்ச்சில் நாடு விடுதலை பெற்றது. போஸ்னியாவில் அந்தச் சம்மதம் இல்லை. 1993இல் ஐநா பாதுகாப்பு மன்றம் ஆறு ஊர்களைப் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்தது. அவற்றைக் காக்க ஏறத்தாழ 34,000 வீரர்கள் வேண்டும் என்று ஐநா தளபதிகள் கணக்குக் கொடுத்தார்கள். மன்றம் ஒப்புக்கொண்டது 7,600 பேருக்கு. அதுவும் உடனே வந்து சேரவில்லை. 1995 ஜூலையில் அந்த ஆறில் ஒன்றான ஸ்ரெப்ரெனிட்சா, போஸ்னிய செர்பியப் படையிடம் விழுந்தது. 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் பையன்களும் கொல்லப்பட்டார்கள். அங்கே ஐநா சார்பில் காவல் நின்ற டச்சு வீரர்களை இன்றைக்கும் ஏசுகிறோம். கேட்ட ஆளைக் கொடுக்காத நாடுகளின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா?

அன்பர் கடிதத்தில் ஒரு பிழையும் இருந்தது. 1987இல் யாழ்ப்பாணம் போனது ஐநா படை அல்ல, இந்திய இராணுவம். இலங்கையோடு செய்த ஒப்பந்தப்படி அமைதி காக்கப் போய், சில மாதங்களிலேயே புலிகளோடு போரில் இறங்கியது. 2008 செப்டம்பரில் கிளிநொச்சியில் இருந்தவர்களோ ஆயுதமில்லாத ஐநா உதவிப் பணியாளர்கள். போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சியும் அவர்கள் கிளம்பினார்கள். இலங்கை அரசாங்கம் போகச் சொன்ன பிறகு, வெள்ளை வண்டிக்கு அங்கே வேறு வழியில்லை. இதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது.

லெபனானில் 1978இல் ஐநா 'இடைக்காலப் படை' என்ற பெயரில் போனவர்கள் இன்னும் இடைக்காலத்திலேயே இருக்கிறார்கள். 2007 முதல் நம் பிள்ளைகளும் அங்கே போய் வருகிறார்கள். 2026 டிசம்பர் 31ஆம் தேதியோடு அந்தப் பணி முடியும் என்று 2025 ஆகஸ்டில் மன்றம் தீர்மானித்தது. அவர்கள் ஊர் திரும்பும்போது மாலையும் படமும் போட்டு முடித்துவிடாமல், நிருபர் ஒருவரை அனுப்புங்கள் ஐயா. எதைத் தடுக்க முடிந்தது, எதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது என்று இரண்டையும் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு