கம்பைலர் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மூலநிரலை இயந்திரம் ஓட்டும் நிரலாக மாற்றும் கம்பைலரைப் பற்றிய பாடத்தை வகுக்கும், நடத்தும், அதற்கு வினாத்தாள் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் படித்து முடித்து வருகிறவர்களோடு உட்கார்ந்து வேலை செய்கிறவன் நான். ரெகுலர் எக்ஸ்பிரஷனை ஆட்டோமேட்டாவாக மாற்றச் சொன்னால் தாளிலேயே போட்டுக் காட்டுகிறார்கள். நிரலை இலக்கணப்படி பகுக்கும் எல்ஆர் பார்சருக்கான அட்டவணையைக் கையாலேயே நிரப்புகிறார்கள். ஆனால் "இந்தப் பாஸுக்கு முன்னால் ஐஆர் எப்படி இருந்தது, பின்னால் எப்படி மாறியிருக்கிறது, அச்சிட்டுக் காட்டு" என்றால் விழிக்கிறார்கள். (ஐஆர் என்பது மூலநிரலுக்கும் இயந்திர மொழியை ஒட்டிய அசெம்பிளிக்கும் நடுவே கம்பைலர் வைத்துக்கொள்ளும் இடைநிலை வடிவம். பாஸ் என்பது அதை ஒரு முறை கடந்து மாற்றும் ஒரு படி.) அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடம் கம்பைலரின் வாசலில் தொடங்குகிறது: எழுத்து, டோக்கன், இலக்கண மரம், குறியீட்டு அட்டவணை. இத்தனையும் முடிவதற்குள் பருவமும் முடிந்துவிடுகிறது. இடைநிலை வடிவத்துக்கு மிஞ்சுவது கடைசி ஓரிரு வாரம். அதிலும் அந்த வடிவத்தை எழுதும் முறைகளான குவாட்ருபிள், ட்ரிபிள், இன்டைரக்ட் ட்ரிபிள் என்று மூன்று கட்டம் வரைந்து மதிப்பெண் வாங்குவதோடு சரி. உயர்நிலை வடிவத்தைக் கீழ்நிலைக்கு இறக்குவதைக் குறிக்கும் லோயரிங் என்ற சொல்லையே வேலைக்கு வந்த பிறகுதான் பலர் கேள்விப்படுகிறார்கள்.

இரண்டு மாற்றங்களைக் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். ஒன்று, ஐஆர் முதல் வாரத்திலிருந்தே மாணவரோடு சேர்ந்து வளரட்டும். இரண்டு, பாதி வழியில் அந்த ஐஆரை அவர்களையே மாற்றச் சொல்லுங்கள், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் கம்பைலர் ஒரு நாளும் நிற்காமல். இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

முதலாவது புதிய யோசனை இல்லை. அப்துலஸீஸ் குலூம் 2006-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் முன்வைத்தது. முதல் கம்பைலர் ஒரே ஒரு முழு எண்ணை வாங்கி, அதைத் திருப்பித் தரும் அசெம்பிளியை உமிழும். அவ்வளவுதான். ஆனால் அது முழுக் கம்பைலர்: உள்ளே மூலநிரல் போகிறது, வெளியே ஓடும் நிரல் வருகிறது. அடுத்து ஓர் உறுப்பு கொண்ட செயல்கள், பிறகு கூட்டல் கழித்தல், உள் மாறிகள், நிபந்தனை, செயற்கூறுகள் என்று மொழி படிப்படியாக வளர்கிறது. எந்தப் படியில் நிறுத்தினாலும் கையில் இருப்பது வேலை செய்யும் கம்பைலர். பார்சரோடு பருவம் முடிந்துபோன மாணவரின் கையில் இருப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

குலூமின் வழியில் ஒன்றை மட்டும் நான் மாற்றுவேன். அவர் மரத்திலிருந்து நேரே அசெம்பிளிக்குப் போகிறார். தொடக்கத்தில் அது சரி. கூட்டல் கழித்தலுக்கு ஐஆர் தேவையில்லை, தேவைப்படாத இடத்தில் திணித்தால் அது இன்னொரு வரைபடம் என்றுதான் மாணவர் நினைப்பார். தேவை வரும் இடம் ஒன்று உண்டு. அதுவரை காத்திருங்கள். இப்படி ஒரு வரியைக் கொடுங்கள்:

விடை = ந ≠ 0 உம் க / ந > 5

"உம்" என்பதை மாணவர் கூட்டலைப் போலவே எழுதியிருப்பார்: இடப்பக்கத்தைக் கணி, வலப்பக்கத்தைக் கணி, இரண்டையும் சேர். ந சுழியாக இருக்கும்போது நிரல் வகுத்தலில் விழுந்து நொறுங்கும். இடப்பக்கம் பொய் என்றால் வலப்பக்கத்தைத் தொடவே கூடாது என்பது அப்போது உறைக்கும். உடனே அசெம்பிளி உமிழும் செயற்கூறுக்குள் லேபிள்களையும் தாவல்களையும் நுழைப்பார். "அல்லது" வரும்போது மறுபடி நுழைப்பார். "எனில்" வரும்போது மறுபடி. மூன்றாம் முறை அவருக்கே அலுத்துப்போகும். ஐஆரைப் பற்றிப் பேச வேண்டிய வகுப்பு அதுதான்.

அந்த வகுப்பில் ஒரே தாவலில் கீழே இறங்காமல் படிப்படியாக இறங்கச் சொல்லுங்கள். முதல் பாஸ் "உம்" என்பதையே மொழியிலிருந்து நீக்குகிறது:

விடை = (ந ≠ 0) எனில் (க / ந > 5) இல்லையேல் பொய்

இந்தப் பாஸைத் தாண்டிய பிறகு "உம்" எங்கும் இருக்கக் கூடாது. இருந்தால் பிழை. அடுத்த பாஸ் "எனில்" என்பதைத் தொகுதிகளாகப் பிரிக்கிறது:

தொகுதி0:
  த1 = ந ≠ 0
  கிளை த1, தொகுதி1, தொகுதி2(பொய்)
தொகுதி1:
  த2 = க / ந
  த3 = த2 > 5
  தாவு தொகுதி2(த3)
தொகுதி2(விடை):

தொகுதி2 ஓர் அளவுருவை வாங்குகிறது. எந்த வழியாக வந்தாலும் வருகிறவர் ஒரு மதிப்பைக் கையோடு கொண்டுவர வேண்டும். பாடநூல்களில் இருக்கும் ஃபை முனையும் இதைத்தான் செய்கிறது, வேறு உடையில். ஸ்விஃப்ட் மொழியின் எஸ்ஐஎல், எம்எல்ஐஆர், கிரேன்லிஃப்ட் ஆகிய ஐஆர் அமைப்புகள் மூன்றும் ஃபையை விட்டுவிட்டுத் தொகுதி அளவுருவையே எடுத்துக்கொண்டன. வகுப்பில் சொல்லிக்கொடுக்கவும் இதுவே எளிது, ஏனென்றால் செயற்கூறுக்கு அளவுரு அனுப்புவது மாணவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்து, தொகுதி அளவுருக்களை நீக்கிச் சாதாரண நகல்களாக்கும் பாஸ். பார்வைக்கு இது மிக எளிது, ஆனால் பாடத்தின் மிகச் சிறந்த பொறி இங்கேதான் காத்திருக்கிறது. ஃபிபனாச்சி எண்களைத் தரும் ஒரு சுழலை எழுதச் சொல்லுங்கள். சுழலின் தலைத் தொகுதி (அ, ஆ) என்று இரண்டு அளவுருக்களை வாங்குகிறது, தொடக்கம் 0, 1. ஒவ்வொரு சுற்றிலும் த = அ + ஆ, பிறகு தலைக்கே தாவு (ஆ, த). இதை நகலாக்கும்போது "அ ← ஆ, ஆ ← த" என்ற வரிசையில் எழுதியவருக்குச் சரியான விடை வரும். "ஆ ← த, அ ← ஆ" என்று எழுதியவருக்கு அ-வின் மதிப்புகள் 0, 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும். முதல் இரண்டு எண்கள் சரியாக இருப்பதால், அவற்றை மட்டும் சோதித்தவர் வெற்றி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அடுத்த வாரம் தாவு (ஆ, அ) என்று இரண்டையும் இடம் மாற்றும் சுழல் ஒன்றைக் கொடுங்கள். இப்போது எந்த வரிசையில் எழுதினாலும் ஒரு மதிப்பு தொலையும். நகல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பவை, அவற்றை வரிசைப்படுத்தும்போது வட்டம் இருந்தால் ஒரு தற்காலிக மாறி வேண்டும் என்பதை மாணவர் தானே கண்டுபிடிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் நிரலில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மதிப்பு தரும் ஐஆர் வடிவம் எஸ்எஸ்ஏ. அதிலிருந்து வெளியே வரும்போது நேரும் இந்தச் சிக்கலைப் பிரிக்ஸ், கூப்பர், ஹார்வி, சிம்ப்சன் நால்வரும் 1998-இல் ஒரு கட்டுரையில் எடுத்து எழுதினார்கள். எஸ்எஸ்ஏ-வைக் கட்டும் வழியைச் சைட்ரன் குழுவினர் முழுமையாக வெளியிட்டது 1991-இல். கட்டத் தெரிந்த பிறகும் பிரிப்பதைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்றால், ஒரு வாரம் ஒதுக்குவது மிகையில்லை.

பாஸ்களைச் சின்னச் சின்னதாக வெட்டினால் கம்பைலர் மெதுவாகிவிடும் என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. சர்க்கார், வாடெல், டிப்விக் மூவரும் 2004-இல் நானோபாஸ் முறையைக் கல்விக்கென்றே முன்வைத்தார்கள்: ஒவ்வொரு பாஸும் ஒரே ஒரு வேலை செய்யும், அதன் உள்ளீட்டு மொழிக்கும் வெளியீட்டு மொழிக்கும் முறையான இலக்கணம் உண்டு. வகுப்பறைக்கு மட்டும்தான் இது ஒத்துவரும் என்ற பேச்சு இருந்தது. பிறகு, ஸ்கீம் மொழிக்கு அப்போது வணிகக் கம்பைலராக இருந்த ஷே ஸ்கீமையே கீப்பும் டிப்விக்கும் இந்த முறையில் திருப்பி எழுதி 2013-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 50 பாஸ்கள். கம்பைல் ஆகும் நேரம் கூடியது, ஆனால் இரண்டு மடங்கை எட்டவில்லை. உருவான நிரல் முன்பைவிட வேகமாக ஓடியது. அந்த வேகத்தில் புதிய ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சேமிப்பிடம்) ஒதுக்கீட்டு முறைக்குப் பெரிய பங்கு உண்டு, பாஸ்களைப் பிரித்ததாலேயே வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மாணவர் எழுதும் கம்பைலருக்குக் கம்பைல் நேரம் ஒரு பொருட்டே இல்லை என்பது வேறு விஷயம்.

இனி இரண்டாவது கோரிக்கை.

வேலையில் யாரும் புத்தம்புது ஐஆரை வடிவமைக்கச் சொல்லி அழைப்பதில்லை. ஏற்கெனவே இருப்பதை, அதன்மேல் நூறு பாஸ்கள் உட்கார்ந்திருக்கும்போது, மாற்றச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். பல மொழிகளின் கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம்மின் பாயின்டர்களை, அதாவது நினைவக முகவரிகளை, எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு பாயின்டரும் எதைச் சுட்டுகிறது என்பது ஐஆரிலேயே எழுதப்பட்டிருந்தது. அந்தத் தகவலால் நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசருக்குப் பெரிய நன்மை இல்லை, வகை மாற்றும் கட்டளைகள் மட்டும் எங்கும் மண்டிக்கிடந்தன. நீக்கலாம் என்று முடிவெடுப்பது எளிது. நீக்குவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. பாயின்டரின் வகையைக் கேட்டுப் பார்த்த ஒவ்வொரு இடத்தையும் தேடி, தேவையான வகையைக் கட்டளையிலேயே எழுதி, பழைய முறையும் புதிய முறையும் ஒரே நேரத்தில் ஓடும் காலத்தைக் கடந்து, 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில்தான் வகையற்ற பாயின்டர் இயல்புநிலையானது. பழையதற்கான ஆதரவு 2023-இல் 17-ஆம் பதிப்போடு போனது.

ரஸ்ட் மொழிக் கம்பைலரின் கதை இன்னொரு வகை. எம்ஐஆர் என்ற இடைநிலை வடிவத்துக்கான முன்மொழிவு 2015-இல் வந்தது. 2016-இல் 1.12 பதிப்பு அதன் வழியாக நிரலை உருவாக்கியது. ஒரு மதிப்பை யார், எதுவரை பயன்படுத்தலாம் என்று பார்க்கும் கடன் சரிபார்ப்பு மட்டும் இன்னும் பழைய மரத்தின்மேல்தான் நடந்துகொண்டிருந்தது. அது எம்ஐஆருக்கு மாறி, புதிய விதிகள் 2018 எடிஷனோடு பயனர் கைக்கு வந்தன. புதிய மாடி கட்டியவுடன் எல்லோரையும் ஒரே நாளில் குடிபெயர்க்கவில்லை. எல்எல்விஎம்மில் ஐஆரை இயந்திரக் கட்டளைகளாக்கும் புதிய பகுதியான குளோபல் ஐசெல்லும் அப்படித்தான். தனக்குக் கையாளத் தெரியாத செயற்கூறு வந்தால் பழைய செலக்ஷன் டேக் வழிக்கே அதை விட்டுவிடும் ஏற்பாட்டோடு அது வளர்ந்தது. முழுமை அடையும்வரை காத்திருந்தால் யாரும் அதை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஐஆரை மாற்றும் இந்தத் திறமைக்கு உங்கள் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. பருவத்தின் நடுவில் இப்படி ஒரு பயிற்சி வையுங்கள்: இதுவரை ஐஆரில் எல்லாமே முழு எண். இன்றிலிருந்து உண்மை-பொய்க்குத் தனி வகை வேண்டும். எல்லாப் பாஸ்களையும் மாற்றுங்கள். ஆனால் ஒவ்வொரு கமிட்டிலும் (பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றத்திலும்) எல்லாச் சோதனைகளும் தேற வேண்டும். ஒரே கமிட்டில் அத்தனையையும் மாற்றிக் கொண்டுவருகிறவருக்குப் பாதி மதிப்பெண்தான். மீதிப் பாதி, அவர் போட்ட படிகளின் வரிசைக்கு.

இது நடக்க வேண்டுமானால் அடிப்படை வசதிகள் சில முதலிலேயே இருக்க வேண்டும். ஐஆரை உரையாக அச்சிடவும், அச்சிட்டதை அப்படியே திருப்பி வாசிக்கவும் முடிய வேண்டும். அப்போதுதான் ஒரு பாஸை மட்டும் தனியே எடுத்து, இந்த உரை உள்ளே போனால் இந்த உரை வெளியே வர வேண்டும் என்று சோதிக்கலாம். ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் ஓடும் ஒரு வெரிஃபையர் வேண்டும்: வரையறுக்காத மதிப்பைப் பயன்படுத்தியிருக்கிறதா, எல்லாத் தொகுதியும் தாவலில் முடிகிறதா, அளவுருக்களின் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்க்க. ஹாஸ்கலின் ஜிஎச்சி கம்பைலரில் கோர் லின்ட் செய்வது இதே வேலைதான். கூடவே ஐஆரை நேரடியாக இயக்கும் சின்ன இன்டர்பிரட்டர். விடை தவறினால் ஒவ்வொரு பாஸின் வெளியீட்டையும் அதில் ஓட்டுங்கள், விடை முதன்முதலில் மாறும் இடத்தில் குற்றவாளி நிற்பான். மேலே சொன்ன ஃபிபனாச்சிப் பிழையை வெரிஃபையர் பிடிக்காது என்பதையும் கவனியுங்கள். அந்த ஐஆர் வடிவத்தில் ஒரு குறையும் இல்லை, பொருள்தான் தவறு. இன்டர்பிரட்டர்தான் அதைப் பிடிக்கும்.

எல்லாவற்றையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றும் நான் சொல்லவில்லை. மூலநிரலின் வரி எண்ணை முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு கட்டளையும் சுமந்து வர வேண்டும். பாதியில் சேர்க்கப் போனால் எல்லாப் பாஸ்களிலும் எங்கோ ஓரிடத்தில் அது தவறி விழும், பிழை தேட உதவும் டிபக்கரில் நிரல் முன்னும் பின்னும் குதிக்கும். எண் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்பதையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். ஐஆரில் எது வரையறுக்கப்பட்டது, எது இல்லை என்பதைத் தள்ளிப்போட்டால் என்ன விலை என்பதற்கு எல்எல்விஎம்மே சான்று. ஆப்டிமைசேஷன்கள் ஒன்றோடொன்று முரண்பட்டதைச் சரிசெய்ய ஃப்ரீஸ் என்ற புதுக் கட்டளையை 2020-இல் 10-ஆம் பதிப்பில் சேர்க்க வேண்டியிருந்தது.

நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். எல்ஆர் அட்டவணையைக் கையால் நிரப்பும் வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்ஆர் ஏன் வேலை செய்கிறது என்பது தெரிந்தால் போதும், அட்டவணையைக் கருவி நிரப்பும். இன்டைரக்ட் ட்ரிபிளை ஒரு பத்தியாகச் சுருக்குங்கள். முதல் வாரமே எல்எல்விஎம்மைக் கையில் கொடுத்து விடுவதையும் தவிருங்கள். சொந்தமாக நாலைந்து பாஸ் எழுதி, அதில் அடிபட்ட பிறகு அதைத் திறந்து பார்த்தால்தான் ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும்.

வினாத்தாளில் இதை எப்படிக் கேட்பது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். மாதிரிக்கு ஒன்று தருகிறேன், பிடித்திருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"மேலே ஐந்து பாஸ்களும் அவற்றின் உள்ளீட்டு, வெளியீட்டு இலக்கணங்களும் தரப்பட்டுள்ளன. கிளை இல்லாமலேயே இரண்டு மதிப்புகளில் ஒன்றை எடுக்கும் 'தேர்ந்தெடு' என்ற கட்டளையை மூன்றாம் பாஸின் வெளியீட்டில் சேர்க்க வேண்டும். எந்தப் பாஸ்களைத் தொட வேண்டும், எவற்றைத் தொடத் தேவையில்லை? கமிட்டுகளை எந்த வரிசையில் போடுவீர்கள்? 'உம்' என்பதை இந்தக் கட்டளையாக லோயர் செய்வது எப்போது தவறு? ஒரு நிரலைத் தந்து காட்டுக."

இப்படிக்கு,
கம்பைலர் வேலையில் இருக்கும் ஒருவன்