கை எட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான்

அன்புள்ள மோகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் அனைவரும் நலமே. பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறு கார் வாங்கிய செய்தி சந்தோஷம் தந்தது. அதைவிட, "உள்ளே வைக்க எந்தத் தீயணைப்பான் நல்லது, எங்கே வைப்பது?" என்று நீ கேட்டிருந்தது பிடித்தது. ஸ்பீக்கரையும் சீட் கவரையும் விசாரிப்பவர்கள்தான் அதிகம். இதைக் கேட்பவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள். காரில் வைக்கும் சின்னக் குடுவை முழுதாகப் பற்றி எரியும் காரை அணைக்காது. 1 கிலோ பவுடர் குடுவையை அழுத்தினால் 8 முதல் 10 வினாடிக்குள் காலியாகிவிடும். 2 கிலோ என்றால் இன்னும் சில வினாடி கூடும். அந்த நேரத்தில் இரண்டு காரியங்கள் செய்யலாம்: இப்போதுதான் பிடித்த சிறு தீயை அணைக்கலாம், அல்லது உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவரை வெளியே இழுக்க வழி உண்டாக்கலாம். எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்போது விட்டுவிட்டு ஓடுவது என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதிலிருந்தே வரும்.

உனக்கு என் பரிந்துரை ஏபிசி பவுடர், அதாவது திடப்பொருள் தீக்கும் திரவத் தீக்கும் சேர்த்தே உதவும் வகை. காரில் எரியக்கூடியவற்றை நினைத்துப் பார்: பெட்ரோல், இன்ஜின் ஆயில், ஒயரின் மேலுறை, டாஷ்போர்டு பிளாஸ்டிக், இருக்கைக்குள் இருக்கும் ஃபோம், தரைவிரிப்பு. இதில் சில திரவம், சில திடப்பொருள். ஏபிசி பவுடரின் முக்கியப் பொருள் மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அது சுடரில் நடக்கும் வேதிவினைத் தொடரை அறுப்பதோடு, சூட்டில் உருகித் திடப்பொருளின் மேல் ஒரு படலமாகவும் படியும். மறுபடி பற்றாமல் தடுப்பது அந்தப் படலம்தான். பிசி என்று மட்டும் எழுதியிருக்கும் பவுடர் பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட். பெட்ரோல் சுடரை அது நன்றாக அடக்கும். ஆனால் ஃபோமுக்குள் கனன்றுகொண்டிருப்பதை ஒன்றும் செய்யாது. ஏபிசியிலும் தரம் உண்டு. லேபிளில் மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டின் சதவீதம் போட்டிருந்தால் அது கூடுதலாக இருப்பதை எடு.

எழுத்துகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஏ என்றால் திடப்பொருள், பி என்றால் எரியும் திரவம். இது எங்கும் ஒன்றுதான். சி என்பது அமெரிக்க முறையில் மின்சாரத் தீ, ஐரோப்பிய முறையில் வாயுத் தீ. எழுத்துக்கு முன்னால் வரும் எண்தான் குடுவையின் உண்மையான திறன். அமெரிக்க முறை என்றால் 1-ஏ:10-பி:சி என்று இருப்பதைத் தேடு. 5-பி:சி என்று மட்டும் இருந்தால் திடப்பொருளுக்கு அது சோதிக்கப்படவில்லை என்று பொருள். ஐரோப்பிய முறையில் 8ஏ 34பி என்பது போல இருக்கும். ஒரே 1 கிலோ எடையில் ஒரு குடுவை 21பி, இன்னொன்று 34பி என்று வரும். எடையைப் பார்த்து வாங்காதே, இந்த எண்ணைப் பார்த்து வாங்கு. இடம் இருந்தால் 2 கிலோ, இல்லையென்றால் 1 கிலோ. அதற்குக் கீழே இறங்காதே.

கார்பன் டை ஆக்சைடு கறை படியாதே என்று எழுதியிருந்தாய். உண்மைதான். ஆனால் 2 கிலோ வாயு பிடிக்கும் சிலிண்டரே ஏறக்குறைய 5 கிலோ கனக்கும். திறந்த வெளியில் காற்றடித்தால் வாயு கலைந்துபோகும். சூடான இரும்பை அது போதிய அளவு குளிர்விக்காது. ஆகவே அணைந்தது திரும்பப் பற்றும். மூடிய காருக்குள் அடித்தால் மூச்சுத் திணறும். அதோடு 31 டிகிரிக்கு மேல் போனால் உள்ளே அது திரவமாக நிற்காது, அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். வெயிலில் நிற்கும் காருக்கு அது வேண்டாம். கறை படியாத வேறு வாயுக் குடுவைகளும் உண்டு. எலக்ட்ரானிக்ஸுக்கு அவை நல்லவை; ஆனால் விலை அதிகம், காற்றில் அவையும் கலையும், பெரிய தீயில் சிதைந்தால் எரிச்சலூட்டும் அமில வாயு வரும். ஸ்பிரே டப்பா மாதிரி வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அழுத்தம் காட்டும் கேஜே இருக்காது. உள்ளே அழுத்தம் இருக்கிறதா, கசிந்துவிட்டதா என்று தெரியாத ஒன்றை நம்பி உட்காராதே.

வாங்கும்போது குடுவையின் தலையைக் கவனி. வால்வும் கைப்பிடியும் உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கைப்பிடி கொண்ட ஏறக்குறைய 4 கோடி குடுவைகள் 2017இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் திரும்பப் பெறப்பட்டன. அடைத்துக்கொள்ளலாம், அழுத்த அதிக பலம் தேவைப்படலாம், வேலை செய்யாமலே போகலாம், பவுடர் வெளிவரும் வாயான நாசில் கழன்று வரலாம் என்பதே காரணம். உலோகத் தலை இருந்தால் பின்னால் திரும்ப நிரப்பவும் முடியும். நிரப்பக் கொடுக்கும்போது ஒன்று சொல்லிக் கொடு: இருந்த அதே வகைப் பவுடர்தான் போக வேண்டும். ஏபிசி அமிலத்தன்மை உள்ளது, பைகார்பனேட் காரத்தன்மை உள்ளது. இரண்டும் கலந்து ஈரமும் சேர்ந்தால் உள்ளேயே வினை நடந்து வாயு உண்டாகும், பவுடர் கட்டிதட்டும். சின்ன ரப்பர் குழாய் வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. குடுவைக்குள் ஒரு குழாய் அடிவரை இறங்கியிருக்கும். நிமிர்த்திப் பிடித்தால்தான் அதன் வழியே பவுடர் மேலேறும். காருக்கு அடியில் அடிக்கிறேன் என்று கவிழ்த்துப் பிடித்தால் வெறும் வாயு போய்விடும், பவுடர் உள்ளேயே தங்கிவிடும். வெளியே ரப்பர் குழாய் இருந்தால் குடுவையை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு நாசிலை மட்டும் வேண்டிய பக்கம் திருப்பலாம்.

இனி வைக்கும் இடம். குடுவையின் பிராண்டைவிட இதற்குத்தான் நீ அதிகம் மெனக்கெட வேண்டும். நிறைய பேர் டிக்கியில் போட்டுவிடுகிறார்கள். பெட்டிகளுக்கு அடியில் கிடக்கும். பின்னாலிருந்து யாராவது இடித்தால் டிக்கி திறக்காது. மின்பூட்டு வேலை செய்யாவிட்டாலும் திறக்காது. ஓட்டுபவர் இருக்கையில் இருந்தபடியே கை நீட்டினால் எட்ட வேண்டும். முன்பக்கப் பயணி இருக்கையின் முன்விளிம்புக்குக் கீழே வைப்பதுதான் என் முதல் தேர்வு. ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியில் சும்மா உருட்டிவிடுவதை மட்டும் ஒருநாளும் செய்யாதே. ஒரு பிரேக் போட்டால் உருண்டு வந்து பெடலுக்குக் கீழே மாட்டும். அடுத்த முறை பிரேக் அழுந்தாது.

கட்டாமல் வைத்தால் வரும் ஆபத்து அத்தோடு முடிவதில்லை. 2 கிலோ பவுடர் குடுவையின் மொத்த எடை 3.5 கிலோ அளவுக்கு வரும். மோதலில் 20 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 20 மடங்கு என்று வைத்துக்கொண்டால்கூட அது பிராக்கெட்டை இழுக்கும் விசை 70 கிலோ எடைக்குச் சமம். வெல்க்ரோ பட்டையோ பிளாஸ்டிக் கிளிப்போ அதைத் தாங்காது. உலோக பிராக்கெட், குடுவையைச் சுற்றி இரண்டு உலோகப் பட்டை, விரலால் தட்டினால் விடுபடும் கொக்கி: இதுதான் வேண்டும். ஸ்குரூடிரைவர் வைத்துக் கழற்றும் கிளாம்ப் என்றால் அவசரத்துக்கு உதவாது.

பிராக்கெட்டைப் பொருத்த, உன் கார் மாடலுக்கென்று வரும் தகட்டைத் தேடு. இருக்கையின் முன்பக்க போல்ட்டுகளிலேயே அது உட்காரும். அந்த போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கும்போது கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கச் சொல். தரையில் துளை போடுவதாக இருந்தால் கீழே என்ன போகிறது என்று பார்க்காமல் டிரில்லைத் தொட விடாதே. எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் அங்கேதான் ஓடும்; மின்சாரக் காராக இருந்தால் பேட்டரியே அங்கேதான் இருக்கும். இருக்கைக்குக் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. கழற்றவும் கூடாது, குடுவை அதில் உரசவும் கூடாது. பொருத்தி முடித்ததும் இருக்கையை முன்னும் பின்னும் முழுதாக நகர்த்திப் பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் எடுத்துப் பார். புகையில் அப்படித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வெயிலைப் பற்றி நீ பயந்திருந்தாய். லேபிளில் வெப்ப வரம்பு இருக்கும்; சிலவற்றில் 49 டிகிரி வரை, சிலவற்றில் 60 வரை. 60 போட்டதையே எடு. கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் டாஷ்போர்டு 70 டிகிரியை நெருங்கிவிடும். இருக்கைக்குக் கீழே நிழல் என்பதால் அவ்வளவு ஏறாது. பின் கண்ணாடிக்குக் கீழுள்ள பலகையில் மட்டும் வைக்காதே. வெயில் நேரத்தில் கேஜின் முள் பச்சைப் பகுதியின் மேல் ஓரத்துக்குப் போவதும் குளிரில் கீழே இறங்குவதும் இயல்பு. கார் சாதாரணச் சூட்டில் இருக்கும்போது பார்த்ததையே கணக்கில் எடு.

மாதம் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிடு. முள் பச்சையில் நிற்கிறதா? கேஜ் கண்ணாடியை விரலால் சுண்டு. முள் சிக்கியிருந்தால் விடுபட்டு நகரும். சேஃப்டி பின் முழுதாக உள்ளே இருக்கிறதா, அதைக் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் சீல் அறுபடாமல் இருக்கிறதா? அந்த சீல் கையால் இழுத்தால் அறுந்துவிட வேண்டும். பத்திரம் என்று நினைத்து அதற்கு மேல் கம்பியோ டேப்போ சுற்றுபவர்கள் உண்டு, நீ செய்யாதே. நாசில் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார். குளவிக்கு அந்த அளவுத் துளை மிகவும் பிடிக்கும். மண் வைத்து அடைத்திருந்தால் வெளியிலிருந்து கவனிக்காமல் போய்விடும். கேஜ் அழுத்தத்தை மட்டுமே காட்டும், பவுடர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டாது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை தராசில் வைத்து, லேபிளில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடு. கார் அதிர்ந்து அதிர்ந்து பவுடர் அடியில் இறுகிப்போகவும் வாய்ப்புண்டு. தலைகீழாக்கி, காதருகே வைத்து, மெதுவாகத் திருப்பு. உள்ளே பவுடர் சரிந்து இறங்கும் சத்தம் கேட்க வேண்டும், உணரவும் முடியும். ஒன்றுமே நகரவில்லை என்றால் அடிப்பக்கத்தில் உள்ளங்கையால் தட்டு, அதற்கும் அசையாவிட்டால் சர்வீஸுக்குக் கொடு. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நொடிகூட அழுத்தாதே. வால்வு மூடும் இடத்தில் பவுடர் துகள் ஒட்டிக்கொண்டால் பிறகு சரியாக மூடாது. சில நாளில் அழுத்தம் முழுதும் இறங்கிவிடும். திரும்ப நிரப்ப முடியாத வகையை, தயாரித்த தேதியிலிருந்து 12 ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. காரில் படும் பாட்டுக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

நிஜமாகவே புகை வந்தால்: ஓரம்கட்டு, இன்ஜினை அணை. அணைத்தால்தான் பெட்ரோல் பம்ப் நிற்கும். ஹேண்ட்பிரேக் போடு, எல்லோரையும் இறக்கிக் குறைந்தது 30 மீட்டர் தள்ளி அனுப்பு, ஒருவரைத் தீயணைப்புத் துறைக்கு அழைக்கச் சொல். இதெல்லாம் நடந்த பிறகே குடுவை. புகை பானெட்டிலிருந்து வந்தால் உள்ளேயுள்ள லீவரை மட்டும் இழுத்துவிட்டு இறங்கு. முன்னால் போய் பானெட்டைத் தூக்காதே. தூக்கிய நொடியில் காற்று உள்ளே பாய்ந்து சுடர் முகத்துக்கு வரும். லீவரை இழுத்ததும் பானெட்டில் விழும் விரலளவு இடைவெளி வழியாகவோ, கிரில் வழியாகவோ, சக்கரத்துக்கு மேலுள்ள சந்து வழியாகவோ பவுடரைச் செலுத்து. காற்று உன் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். பம்பருக்கு நேர் எதிரே நிற்காமல் மூலைப்பக்கமாக நில். சூட்டில் பானெட்டைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்டும் பம்பருக்குப் பின்னால் இடியைத் தாங்கும் ஷாக்கும் வெடித்துப் பறக்கக்கூடும். 2 மீட்டர் தூரத்திலிருந்து தொடங்கி, சுடரின் உச்சியில் அல்ல, அடியில் இடவலமாக வீசியடி. சுடர் அடங்கியதும் நிறுத்து; மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நில். கசிந்த ஆயிலும் சூடான எக்ஸாஸ்ட்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

காலியான பிறகும் எரிந்தால் விட்டுவிடு. தீ கார் உள்ளே பரவிவிட்டாலும், பெட்ரோல் டேங்க் பக்கம் போனாலும் தொடங்கவே வேண்டாம். இருக்கை ஃபோம் எரியும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். எரிவாயுக் காரில், கசியும் வாயு சுடராக எரிந்துகொண்டிருந்து வால்வை மூட முடியாத நிலை என்றால், அந்தச் சுடரை அணைக்காதே. எரியாமல் சேரும் வாயு அதைவிடப் பெரிய ஆபத்து.

உன் தம்பி மின்சாரக் கார் வாங்கப்போவதாக எழுதியிருந்தாய். அவனுக்கும் குடுவை வேண்டும்; 12 வோல்ட் ஒயரிங்கும் இருக்கையும் அதிலும் எரியும். ஆனால் தரைக்குக் கீழிருந்து உஸ்ஸென்ற சத்தமோ படபடவென்ற வெடிப்போ வெள்ளை ஆவியோ வந்தால் அது லித்தியம் பேட்டரி. எந்தக் கைக்குடுவையாலும் அதை நிறுத்த முடியாது. தீயணைப்பு வீரர்களே ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் ஊற்றிக் குளிர்விக்கிறார்கள். பல மணி நேரம் கழித்தும் திரும்பப் பற்றும். இறங்கித் தூரப் போவதுதான் வழி என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்.

பவுடர் அடித்த பிறகு காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதே. ஏர் ஃபில்டர் வழியே இன்ஜினுக்குள் போனால் தேய்க்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, முகக்கவசம் போட்டு, உலர்ந்த நிலையிலேயே வாக்குவம் வைத்து எடுக்க வேண்டும். ஈரம் பட்டால் பாஸ்பேட் அமிலமாக நின்று அலுமினியத்தையும் கனெக்டர்களையும் அரிக்கும். ஆகவே ஓரிரு நாளுக்குள் சுத்தம் செய்துவிட வேண்டும்.

பிராக்கெட் வாங்கும் முன் இருக்கைக்குக் கீழே எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்துகொள். இருக்கையை முழுதாகக் கீழே இறக்கி வைத்து அள. அளவையும், பார்த்துவைத்த குடுவையின் லேபிள் படத்தையும் அனுப்பு; பார்த்துச் சொல்கிறேன். எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்