சின்ன காரும் நாலு சக்கர இழுவையும்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் மறக்காமல் சொல். இங்கே எல்லோரும் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் முன்பு மாதிரி சிதறித் தெரிவதில்லை, ஓட்டுவதே மறுபடி சுகமாக இருக்கிறது. பையனுக்கு இது படிப்பின் கடைசி வருடம். பழைய கார் அவன் கையில்தான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஸ்போர்ட்டியான சின்ன கார் வாங்கப் போவதாகவும், உனக்குப் பிடித்த மாடலில் ஆல் வீல் டிரைவ், அதாவது இன்ஜின் நாலு சக்கரத்தையும் சுழற்றும் நாலு சக்கர இழுவை, இல்லை என்பதால் மனசு ஒட்டவில்லை என்றும் எழுதியிருந்தாய். "இந்தக் காலத்தில் அதுகூடத் தராமல் ஸ்போர்ட்ஸ் என்று பெயர் வைத்து விற்கிறார்களே" என்று கோபமாக ஒரு வரி. அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம். மீதிப் பாதியைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

முதலில் உன் பக்கத்து நியாயம். முன் சக்கரத்தால் இழுக்கும் காரில் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னால் இருக்கும். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியில் எடை பின்னால் சாய்கிறது, மூக்கு லேசாக மேலே தூக்கும், அப்போது முன் சக்கரங்களின் மேல் மிஞ்சுவது கிட்டத்தட்டப் பாதி எடைதான். காய்ந்த நல்ல சாலையில் டயரின் பிடிப்பு அதன் மேல் நிற்கும் எடைக்குச் சமம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இன்ஜினுக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் 0.5 ஜிக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்கு) மேல் முடுக்கம் வராது. அதாவது நிற்கிற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.7 வினாடி. இதை ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிடாதே, 2017-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆரின் ஐரோப்பிய மாடலுக்கு 320 குதிரைத்திறன், அதற்குக் கம்பெனி சொன்ன நேரம் 5.7 வினாடிதான். அதே காலத்து ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர், 300 குதிரைத்திறனோடும் நாலு சக்கர இழுவையோடும், அதே வேகத்தை சுமார் 5 வினாடியில் தொட்டது. சக்தி குறைவு, ஆனாலும் முந்திக்கொண்டது.

மழை பெய்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. பிடிப்பு பாதியாகக் குறைந்த ஈரச் சாலையில் அந்த முன்சக்கரக் கார் 100-ஐத் தொடப் பத்து வினாடிக்கு மேல் எடுக்கும், நாலு சக்கரமும் தள்ளுகிற கார் ஆறு வினாடிக்குள் போய்விடும். இதை நீயே பார்த்திருப்பாய்: மேட்டில் ஏறுகிற சந்திப்பில் திரும்பியபடியே கிளம்ப வேண்டும், தரை ஈரம். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை ஊதும் டர்போ உயிர் பெற்றதும் உள்பக்கத்து முன் சக்கரம் கிர்ரென்று சுற்றும், ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும், டாஷ்போர்டில் வழுக்கல் விளக்கு மினுக்கும், உடனே கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கிவிடும். எதிரே லாரி வந்துகொண்டிருக்க நீ நடுச் சாலையில் சக்தியில்லாமல் நிற்பாய். அந்த இடத்தில் ஆல் வீல் டிரைவ் கார் எந்தச் சலனமும் இல்லாமல் கிளம்பிப் போகும். இதை அனுபவித்தவன் அது தேவையில்லை என்று சொல்ல மாட்டான், நானும் சொல்லவில்லை.

பாவம் அந்த முன் டயர்கள். ஒரே ஆளைச் சுமையும் தூக்கச் சொல்லி, வழியும் காட்டச் சொன்னால் எப்படியோ அப்படி. மாஸ்டாவின் பழைய மாஸ்டாஸ்பீட் 3 நினைவிருக்கிறதா? 263 குதிரைத்திறன், எல்லாம் முன் சக்கரத்துக்கே. ஸ்டீயரிங் இழுக்கிறது என்று எழுதாத பத்திரிகை இல்லை. முதல் இரண்டு கியரில் இன்ஜின் தன் முழு முறுக்குவிசையைக் காட்டாதபடி கம்பெனியே கட்டிப்போட்டிருந்தது. பணம் கொடுத்து வாங்கிய சக்தியை, அது அதிகம் வேண்டிய இடத்திலேயே தர மறுக்கிற கார்! இப்படிப்பட்ட கார் ஆல் வீல் டிரைவைக் கெஞ்சிக் கேட்கிறது.

ஃபோர்டு போன வழி இன்னும் தெளிவு. 2009-இல் வந்த ஃபோகஸ் ஆர்எஸ் 300 குதிரைத்திறனை முன் சக்கரத்தில் மட்டும் இறக்கியது. ஸ்டீயரிங் இழுப்பைக் குறைக்க முன் சஸ்பென்ஷனையே தனியாக வடிவமைத்தார்கள். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.9 வினாடி. 2016-இல் வந்த அடுத்த ஆர்எஸ் 350 குதிரைத்திறன், நாலு சக்கரமும், 4.7 வினாடி. அதில் பின் டிஃபரென்ஷியலே (வளைவில் இடது, வலது சக்கரங்கள் வேறுவேறு வேகத்தில் சுற்றும்படி சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) கிடையாது, இடது வலது சக்கரங்களுக்கு ஆளுக்கொரு கிளட்ச். வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தை மட்டும் கூடுதலாகத் தள்ளி காரை உள்ளே திருப்பிவிடும். ஆல் வீல் டிரைவ் என்றால் வளைவில் மூக்கு வெளியே போகும் என்ற பழைய குறையை அது பெருமளவு போக்கிவிட்டது.

இதுவரை நீ சிரித்துக்கொண்டே படித்திருப்பாய். இனிமேல்தான் என் சண்டை.

மேலே சொன்ன கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து பார். 1,300, 1,400 கிலோ எடையுள்ள சின்ன காரில் 300 குதிரைத்திறன் இருந்தால் காய்ந்த சாலையில் அது ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் முன் டயரைச் சுற்றவைக்க முடியும். 200 என்றால் 70 வரை. 150 என்றால் 50-ஐத் தாண்டினாலே இன்ஜினால் முடியாது, டயருக்குப் பிடிப்பு மிச்சமிருக்கும். முதல் கியரோடு பிரச்சினை முடிந்துவிடுகிறது. நீ பார்த்து வைத்திருக்கும் கார் 150-ஐ ஒட்டியது. அதற்கு நாலு சக்கர இழுவை கொடுத்தால் உனக்கு அந்த 50 வரைக்குமான லாபமும், வழுக்கும் நாட்களின் லாபமும் கிடைக்கும், மீதி எல்லா நேரமும் நீ இரும்பைச் சுமந்துகொண்டு திரிவாய்.

இரும்பு என்று சும்மா சொல்லவில்லை. லிஃப்டில் ஏற்றி நிறுத்திய அப்படிப்பட்ட காரின் அடியில் நின்று பார். கியர்பாக்ஸிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு பெட்டி, அங்கிருந்து காரின் நீளத்துக்குப் பின்னால் ஓடும் தண்டு, பின்னால் கிளட்சோடு சேர்ந்த டிஃபரென்ஷியல், அதிலிருந்து இரண்டு அரைத்தண்டுகள். இதற்கெல்லாம் இடம் விட்டு பெட்ரோல் டேங்க் ஒதுங்கியிருக்கும், டிக்கியின் தளம் பல கார்களில் உயர்ந்திருக்கும். எடை அறுபது எழுபது கிலோவாவது ஏறும், பல கார்களில் அதற்கும் மேலே. சின்ன, சக்தி குறைந்த காரில் இது பின் சீட்டில் எப்போதும் இறங்காத ஒரு பயணி. பெட்ரோலும் கூடத்தான் குடிக்கும்.

"ஒரு ஆப்ஷனாகவாவது கொடுக்கட்டுமே, அதிலென்ன கஷ்டம்" என்று கேட்டிருந்தாய். கஷ்டம் இருக்கிறது. டொயோட்டா 2020-இல் ஜிஆர் யாரிஸ் கொண்டுவந்தபோது சாதாரண யாரிஸின் பின்பகுதியில் அது அடங்கவில்லை. முன்பாதியை யாரிஸின் அடிக்கட்டமைப்பிலிருந்தும், பின்பாதியைக் கொரோலா வகைப் பெரிய அடிக்கட்டமைப்பிலிருந்தும் எடுத்து ஒட்டினார்கள். பின் சஸ்பென்ஷன் முழுக்க மாறியது, எடையைச் சமன் செய்ய பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோனார்கள், மூன்று கதவு உடலையே புதிதாகச் செய்தார்கள். அதனால்தான் அது 1,280 கிலோவில் நின்றது, அதனால்தான் அது அவ்வளவு நல்ல கார். வெறும் ஆப்ஷனாக நினைத்து ஒரு தண்டையும் டிஃபரென்ஷியலையும் சொருகியிருந்தால் கனத்த யாரிஸ் ஒன்று கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

மாஸ்டாவும் 2021-இல் மாஸ்டா 3-க்கு 2.5 லிட்டர் டர்போவையும் ஆல் வீல் டிரைவையும் சேர்த்துக் கொடுத்தது. 250 குதிரைத்திறன். நான் முதலில் ஆசையாகத்தான் படித்தேன். ஆனால் கையால் மாற்றும் கியர் கிடையாது, ஆட்டோமேட்டிக் மட்டும். ஸ்போர்ட்ஸ் மாடலாக முறுக்கேற்றாமல் வசதியான வேகக் காராகவே அதை அமைத்தார்கள். நல்ல கார்தான், மழையில் நம்பி ஓட்டலாம். ஆனால் நீ கேட்கிற அந்தத் துடிப்பு அதில் இல்லை. பாகம் இருந்தால் போதாது, அதைச் சுற்றி யார் என்ன மாதிரிக் காரைக் கட்டினார்கள் என்பதுதான் முக்கியம்.

மண், ஜல்லி, பனிப் பாதைகளில் நேரம் பார்த்து ஓட்டும் ராலி பந்தயம் பற்றியும் நீ எழுதியிருந்தாய். உண்மை, 1980-இல் ஆடி குவாட்ரோ வந்த பிறகு மண் பாதையில் இரண்டு சக்கர இழுவைக் கார்களுக்குக் காலம் முடிந்தது. லான்சியா டெல்டா 1987 முதல் 1992 வரை ஆறு வருடம் தொடர்ந்து உலக ராலி போட்டியின் உற்பத்தியாளர் பட்டத்தை வென்றது. ஆனால் அங்கே ஓடுவது ஜல்லியிலும் பனியிலும், சக்தியோ மிக அதிகம். பிடிப்பு குறைவு, சக்தி அதிகம் என்ற இரண்டும் சேர்ந்தால் ஆல் வீல் டிரைவை யாராலும் வெல்ல முடியாது. அந்த இரண்டில் ஒன்று விலகினால்? ஃபார்முலா 1 கார்களில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 1961-இல் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் பந்தயத் தடத்தில் பிரிட்டிஷ் பந்தய வீரர் ஸ்டெர்லிங் மாஸ் ஃபெர்குசன் பி99 என்ற நாலு சக்கர இழுவைக் காரில் ஜெயித்தார், அன்று சாலை ஈரம். 1969-இல் லோட்டஸ், மாட்ரா, மெக்லாரன் மூன்றும் அதே வழியில் இறங்கின, மூன்றும் கைவிட்டன. அதற்குள் அகலமான டயர்களும், காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளும் பின் சக்கரத்துக்கே வேண்டிய பிடிப்பைக் கொடுத்துவிட்டிருந்தன, கூடுதல் இயந்திரம் எடையாக மட்டும் மிஞ்சியது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

அந்த சிவிக் டைப் ஆரும் இதே கதைதான். கிளம்பும்போது பின்தங்கினாலும், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 43.8 வினாடியில் சுற்றி முன்சக்கரக் கார்களில் அப்போதைய சாதனை படைத்தது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல், ஸ்டீயரிங் இழுப்பைத் தணிக்கும் முன் சஸ்பென்ஷன், நல்ல டயர். நான் உன் இடத்தில் இருந்தால் கம்பெனியிடம் முதலில் கேட்பது அந்த டிஃபரென்ஷியலைத்தான். எடையும் அதிகம் ஏறாது, நான் மேலே சொன்ன அந்தச் சந்திப்பில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றுவதும் பெருமளவு அடங்கும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் மகளும் இதே காரை ஓட்டுவாள். ஆல் வீல் டிரைவ் பாதுகாப்பு என்று எழுதியிருந்தாயே, அதில் எனக்குப் பயம் உண்டு. அது கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான். ஈரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க சுமார் 50 மீட்டர் வேண்டுமென்றால், இழுக்கிற சக்கரம் இரண்டானாலும் நாலானாலும் அதே 50 மீட்டர்தான். வளைவில் பக்கவாட்டுப் பிடிப்பும் டயரின் வேலை. சாலை வழுக்குகிறது என்பதை முன்சக்கரக் கார் கிளம்பும்போதே கையில் சொல்லிவிடும். நாலு சக்கர இழுவைக் கார் அதை மறைத்துவிடும், முதல் வளைவில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் உனக்குத் தெரியவரும், அதற்குள் வேகம் கூடியிருக்கும். தேய்ந்த டயரில் ஓடும் ஆல் வீல் காரைவிட நல்ல டயர் போட்ட சாதாரணக் காரில் அவள் போவதைத்தான் நான் விரும்புவேன்.

டயர் என்றதும் நினைவு வருகிறது. என் தம்பியின் ஆல் வீல் காரில் ஒரு டயரின் பக்கவாட்டில் கம்பி கிழித்துவிட்டது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் அதன் சுற்றளவு மாறும், அந்தச் சக்கரம் வேறு வேகத்தில் சுற்றும், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பங்கிடும் கிளட்ச் ஓய்வே இல்லாமல் தேயும் என்பதால் நாலையும் மாற்ற வேண்டியதாயிற்று. அப்புறம் அந்தக் கிளட்சின் எண்ணெயையும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இரண்டாவது கை கார் என்றால் அதைத்தான் முதலில் விசாரி. வண்டி நின்றுவிட்டால் இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் கூடாது.

ஆகவே கம்பெனி கொடுக்க வேண்டுமா என்று நீ கேட்டால், கொடுக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், ஆனால் 250 குதிரைத்திறனுக்கு மேலே, அதற்கென்றே அமைத்த பின் சஸ்பென்ஷனோடு, கையால் மாற்றும் கியரையும் பிடுங்காமல், தனி மாடலாக. கீழே இருக்கும் லேசான முன்சக்கரக் காரைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். கோல்ஃபில் ஜிடிஐ ஒரு பக்கம், ஆர் ஒரு பக்கம் என்று வைத்திருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மின்சாரக் கார்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், பின்னால் இன்னொரு மோட்டார் வைத்தால் போதும், நீளத் தண்டு வேண்டாம், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதை இன்னும் வேகமாக மாற்றலாம். ஆனால் அங்கே பேட்டரியின் எடை தனிப் பேச்சு.

நீ வருடத்தில் பெரும்பகுதி பனியிலோ மண் சாலையிலோ ஓட்டுகிறாய் என்றால் நான் சொன்னதில் பாதியை மறந்துவிட்டு ஆல் வீல் காரையே வாங்கு. இல்லையென்றால் அந்தக் காரை மழை பெய்கிற நாளில் ஒருமுறை ஓட்டிப் பார், மேட்டில் நிறுத்தித் திரும்பியபடியே கிளம்பிப் பார். பிறகு அதில் என்ன டயர் போட்டிருக்கிறார்கள், டிஃபரென்ஷியல் எந்த வகை என்று எனக்கு எழுது. உனக்கு இன்னும் அது உறுத்தினால் நானே வந்து உன்னோடு ஜிஆர் யாரிஸ் ஒன்றை ஓட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
பாஸ்கர்