கயலுக்கு, உன் லடாக் பயணத் திட்டத்தைப் படித்தபின்

பாளையங்கோட்டை

அன்பு மகள் கயலுக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம். நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அப்பா அச்செடுத்துக் கொடுத்தார். பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்து முடித்தேன். தொலைபேசியில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். போகாதே என்று சொல்ல எழுதவில்லை. நீ தேர்ந்தெடுத்த ஊர்களில் பெரும்பாலானவை போக வேண்டிய ஊர்கள்தாம். அவற்றின் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது.

டெல்லியிலிருந்து காலை விமானத்தில் லே, மறுநாளே கர்துங் லா கணவாயைத் தாண்டி நூப்ரா, அங்கிருந்து பாங்கோங் ஏரி, ஹான்லே, உம்லிங் லா, பிறகு சர்ச்சு, கேலாங், காஸா, தாபோ, சிம்லா என்று எல்லாவற்றையும் பன்னிரண்டு நாளுக்குள் அடைத்திருக்கிறாய். வரைபடத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டெல்லி கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம், லே நகரமோ 3,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு வாங்கும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிட, மூளை மறுபடியும் மூச்சை மட்டுப்படுத்தப் பார்க்கும். இந்தக் கணக்கைச் சிறுநீரகம் மெல்ல மெல்லச் சரிசெய்வதற்குச் சில நாள் பிடிக்கும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதாலோ மாரத்தான் ஓடுவதாலோ அந்தச் சில நாள் குறைவதில்லை.

ராணுவ மருத்துவமனையில் செவிலியராக இருந்தபோது லேயில் நான் பார்த்த நோயாளிகளில் பலரும் இருபத்தைந்து வயதைத் தாண்டாத, கல்லைத் தின்றாலும் செரிக்கக்கூடிய பிள்ளைகள். விடுப்பு முடிந்து விமானத்தில் திரும்பி வந்தவர்கள், முதல் நாளே பாரம் தூக்கியவர்கள், தலைவலியைச் சொன்னால் கேலி செய்வார்கள் என்று மறைத்தவர்கள். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் ஈர விறகு எரிவதுபோல நொறுநொறுவென்று கேட்கும். இருமலில் இளஞ்சிவப்பு நுரை வரும். 1962 போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டு சேர்க்கப்பட்ட வீரர்களிடம் இந்த நுரையீரல் நீர்க்கோவை ஏராளமாகக் கண்டதால்தான் நம் ராணுவ மருத்துவர்கள் அதை ஊன்றி ஆராய்ந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து வந்த ஒழுங்கின்படி முதல் கட்ட உயரத்தில் ஒரு வீரர் ஆறு நாள் தங்க வேண்டும், அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அதற்கு மேல் ஏற ஏற, அடுத்தடுத்த கட்டங்களுக்கு நான்கு நான்கு நாள். ஆறு நாள் கொடுக்க உன்னால் முடியாது, தெரியும். ஒரே ஒரு இரவு கொடுத்துவிட்டு 5,359 மீட்டர் கணவாயில் ஏறுவதாகத் திட்டம் போட்டிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. (கர்துங் லாவின் மேல் 18,380 அடி என்று எழுதிய பலகை முன் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். உண்மையான உயரம் 17,582 அடிதான். அதுவே தாராளம்.)

மலை மருத்துவம் படித்தவர்கள் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இன்று இரவு தூங்கும் இடத்துக்கும் நாளை இரவு தூங்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரே ஊரில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாய் என்பதைவிட இரவில் எங்கே படுத்தாய் என்பதே முக்கியம். ஆகவே உன் பட்டியலில் கிலோமீட்டர் எழுதியிருக்கும் இடத்தில், தூங்கும் உயரத்தை எழுதிப் பார். அப்படி எழுதினால் பயணம் தானாகவே திரும்பிக்கொள்ளும்: சிம்லாவில் ஏறி, லேயில் விமானம் பிடித்து இறங்க வேண்டும்.

சிம்லா 2,200 மீட்டர். அடுத்த இரவு பீமாகாளி கோயில் இருக்கும் சரஹானில் தங்கு. அது சிம்லாவின் உயரமேதான். பிறகு கின்னௌரில் கல்பா, 2,960 மீட்டர், இரண்டு இரவு. அங்கிருந்து பலரும் நாக்கோவில் போய்ப் படுப்பார்கள். அது 3,625 மீட்டர் என்பதால் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டு, 3,280 மீட்டரில் இருக்கும் தாபோவுக்குப் போய்விடுங்கள். அங்கே இரண்டு இரவு, பிறகு 3,650 மீட்டரில் காஸாவில் மூன்று இரவு. காஸாவில் இருக்கும்போது பகலில் லாங்ஸாவுக்கும் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் கோமிக்குக்கும் ஏறிப் பார்த்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிடுங்கள். இப்படி ஏறி இறங்குவது உடலைப் பழக்கும்.

தாபோவுக்கு ஏன் இரண்டு இரவு என்று கேட்பாய். உயரத்துக்காக மட்டும் இல்லை. 996ஆம் ஆண்டில் எழுப்பிய மடாலயம் அது. மேற்குத் திபெத்தில் குகே அரசை ஆண்ட யேஷே ஓ காலத்தது. அந்த அரசர் காஷ்மீருக்கு அனுப்பிப் படிக்க வைத்த ரின்சென் சாங்போ என்ற துறவி சமஸ்கிருத நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்தார். காஷ்மீரக் கலைஞர்களையும் உடன் அழைத்து வந்தார் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மண் குவித்து மொழுகிய பெரிய களஞ்சியம் போலத்தான் இருக்கும். 'இதற்கா வந்தோம்' என்று உன் நண்பர்கள் கேட்பார்கள். உள்ளே போனதும் கண் தெரியாது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால், சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கிவரும். சுற்றிலும் முப்பதுக்கு மேல், ஒவ்வொன்றும் தாமரைமேல் அமர்ந்து, மண்டபம் முழுவதையும் ஒரே மண்டலமாக, அதாவது பௌத்தர்கள் தியானத்துக்கு வரையும் சக்கர வடிவமாக, ஆக்கியிருக்கும். கீழே சுவரோவியங்களில் துணியின் பூ வேலைப்பாடுவரை பார்க்கலாம். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அதனால்தான் இணையத்தில் நீ அதைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். நல்ல கைவிளக்கு ஒன்று எடுத்துக்கொள். ஒளியை ஓவியத்தின்மேல் நெடுநேரம் நிறுத்தி வைக்காதே.

தாபோவைப் பார்த்த நினைவு மங்குவதற்குள் லேக்கு மேற்கே இருக்கும் அல்ச்சியைப் பார்ப்பதற்காகவே இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. அல்ச்சியையும் ரின்சென் சாங்போ கட்டியதாக மரபு சொல்லும். அங்கிருக்கும் ஓவியங்கள் அவர் காலத்துக்குப் பிந்தியவை. ஆனால் அதே காஷ்மீரக் கை, இன்னும் நுணுக்கமாக. சுமார் 3,100 மீட்டரில் சிந்து நதிக்கரையில் இருப்பதால் மூச்சுக்கும் இதமான ஊர். இந்த இரண்டுக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு மற்ற மடாலயங்களைக் குறைத்துக்கொள். நீ பதினொன்று எழுதியிருக்கிறாய். ஐந்தாவதற்குமேல் எல்லாம் ஒன்றாகிவிடும். திபெத்திய பௌத்தத்தின் பிரிவுக்கு ஒன்று போதும்: கெலுக் பிரிவுக்குக் கீ, சாக்யாவுக்குக் கோமிக், 'பின்' (Pin) என்ற பள்ளத்தாக்குக்குப் போனால் நிங்மாவுக்குக் குங்ரி, லடாக்கில் த்ருக்பா பிரிவுக்கு ஹெமிஸ்.

காஸாவிலிருந்து 4,551 மீட்டர் குன்ஸும் கணவாயைத் தாண்டி 3,080 மீட்டரில் கேலாங்குக்கு இறங்குவீர்கள். எலும்பை எண்ணும் சாலை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. கேலாங்கில்தான் நீங்கள் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். அதுவரை யாருக்காவது தலைவலி விடாமல் இருந்தாலோ, இரவில் இருமல் வந்தாலோ, மேற்கொண்டு போகாதீர்கள். 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியே மணாலிக்கு இறங்கிவிடலாம். அது வெறும் 2,050 மீட்டர். கேலாங்கைத் தாண்டிவிட்டால் அந்த வசதி கிடையாது. அடுத்த இரவு தங்கும் சர்ச்சு 4,290 மீட்டர். பின்னால் பாரலாச்சா கணவாய், முன்னால் லாச்சுலுங் கணவாய், எந்தப் பக்கம் போனாலும் ஏறித்தான் இறங்க வேண்டும். கேலாங்கிலிருந்து சர்ச்சுவுக்கு ஒரே நாளில் ஏறுவது நான் சொன்ன விதியை மீறுவதாகத் தோன்றும். காஸாவில் தங்கிக் கோமிக் வரை ஏறிப் பழகிய உடலுக்கு அந்தப் பழக்கம் ஒரே நாளில் போய்விடாது என்பதால்தான் ஒப்புக்கொள்கிறேன். மணாலியிலிருந்து நேரே வருபவர்கள்தான் சர்ச்சுவில் இரவு முழுவதும் வாந்தியெடுத்துக்கொண்டு கிடப்பார்கள்.

இதே கணக்கை ஒவ்வொரு ஊருக்கும் போட்டுப் பார்: உடம்புக்கு முடியாமல் போனால் எந்த வழியாக இறங்குவது? பாங்கோங் ஏரிக்கரையில் படுத்தால் லேக்குத் திரும்ப 5,300 மீட்டருக்கு மேலான சாங் லா கணவாயில் ஏற வேண்டும். நூப்ரா லேயைவிடத் தாழ்வுதான், தூங்குவதற்கு நல்ல இடம். ஆனால் பெரிய மருத்துவமனைக்கு வர மறுபடியும் கர்துங் லா. ஹான்லே சுமார் 4,300 மீட்டர் என்றாலும் லோமா, நியோமா, சுமாதாங் வழியாகச் சிந்து நதியை ஒட்டியே லேவரை இறங்கி வரலாம், நடுவில் பெரிய கணவாய் எதுவும் குறுக்கிடாது. ஆகையால் பாங்கோங்கை அடித்துவிட்டு ஹான்லேயை வைத்திருக்கிறேன். பாங்கோங்கை நீ படத்தில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. ஹான்லேயில் இருக்கும் வானாய்வகத்தின் 2 மீட்டர் தொலைநோக்கியை உன் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொஸ்கோட்டையிலிருந்துதான் செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இயக்குகிறார்கள். நம் காவலூர் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான். நிலவில்லாத நாளாகப் பார்த்துப் போ. 5,798 மீட்டர் உம்லிங் லா வேண்டாம். அங்கே சாலையும் பலகையும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை.

இப்படிப் போட்டால் ஏறத்தாழ பதினெட்டு நாள் ஆகும். விடுப்பு கிடைக்காவிட்டால் ஓய்வு நாள்களை வெட்டாதே; லடாக்கை வெட்டு. சிம்லாவில் தொடங்கிக் கேலாங் வழியே மணாலியில் முடிப்பதே நிறைவான பயணம்தான்.

மாதத்தையும் மாற்று. ஜூலைக் கடைசியில், தாபோவும் காஸாவும் இருக்கும் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் மழை குறைவு என்பது உண்மை. ஆனால் ஸ்பிட்டிக்குப் போகும் கின்னௌர் சாலை மழைக்குள்தான் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் மலை சரிந்து பேருந்தையே மூடிவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் புறப்பட்டால் மழை தணிந்திருக்கும், குன்ஸும் திறந்திருக்கும், சர்ச்சுவில் கூடாரங்களும் இருக்கும்.

மருந்து விஷயம். டயமாக்ஸ் என்று விற்கும் அசிட்டசோலமைடு, நான் மேலே சொன்ன சிறுநீரக வேலையை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும். சின்ன வயதில் சல்ஃபா மருந்து உனக்குத் தடிப்பை உண்டாக்கியது. இதுவும் அந்தக் குடும்பத்து மருந்து என்பதால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லி, அவர் எழுதித் தந்தால் மட்டும் சாப்பிடு. தூக்க மாத்திரை கூடாது, உன் நண்பர்கள் கொண்டுவரும் பாட்டிலும் முதல் சில நாள் கூடாது. தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். ஐந்து லிட்டர் குடித்தால் மலைநோய் வராது என்பது கட்டுக்கதை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் கட்டைவிரலில் ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல். தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அது இரவு இரண்டு மணியானாலும் வண்டியை எடுத்து இறங்க வேண்டியதுதான்.

மற்றவை சில்லறை. லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. குழுவில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். இமாச்சல வாடகை வண்டியில் லடாக்கின் ஊர்களைச் சுற்ற அங்குள்ள வண்டிக்காரர்கள் விடமாட்டார்கள். லேயில் வேறு வண்டி பிடிக்க வேண்டும், செலவில் சேர்த்துக்கொள். எல்லையோரப் பகுதிகளின் அனுமதி விதி அடிக்கடி மாறுவதால் புறப்படும் வாரத்தில் பார். உன் தோழிகளில் யாரிடமாவது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் கின்னௌரிலிருந்து ஸ்பிட்டிக்குள் நுழையவே ரெக்காங் பியோவில் அனுமதி வாங்க வேண்டும். லேயிலிருந்து விமானங்கள் வானிலையால் ரத்தாவது வழக்கம், ஆகவே கடைசியில் ஒரு நாள் கையிருப்பு வேண்டும். சோர்த்தென் என்னும் பௌத்தத் தூபிகளையும், மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிக்கற்சுவர்களையும் வலமாகவே சுற்று; எழுத்துப் பொறித்த கல்லை அழகாயிருக்கிறதென்று எடுத்துவராதே. லடாக்கிகளைத் திபெத்தியர்கள் என்று சொல்லாதே. 1830களில் ஜம்முவிலிருந்து டோக்ராக்கள் படையெடுத்து வரும்வரை தங்களுக்கென்று அரசு வைத்திருந்தவர்கள். லேக்கு அருகே சோக்லம்சரில் இருப்பவர்கள்தாம் 1959க்குப் பிறகு திபெத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள்.

உன் அப்பா உன் பழைய திட்டத்தை யாருக்கும் காட்ட வேண்டாம் என்கிறார், அவருக்கே தூக்கம் வரவில்லையாம். விடுப்பு எத்தனை நாள் என்று உன் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுது. கல்கா ரயிலுக்கு அவர் சீட்டுப் போட்டுவிடுவார்.

அன்புடன்,
அம்மா